துரைசாணிப் பேயும் பெட்ரோல் மூடியும்

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு, அருப்புக்கோட்டை–திருச்சுழி ரோட்டில், ஏழாவது மைலில், ஒத்தப்பனை விலக்கில் ஒரு பேய் வேலைக்குச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காத பேய். மனுஷரைப் பிடிக்காது, மாட்டு வண்டியைத் திரும்பிப் பார்க்காது. பெட்ரோல் போட்ட வண்டியைத்தான் பிடிக்கும். பேய்க்கு அவ்வளவு நாகரிகம்!

அப்புறமென்ன, கூட்டம்தான். எலுமிச்சம்பழக் கடை வந்தது, தேங்காய்க் கடை வந்தது, தாகத்துக்குச் சோடாக் கடையும் வந்தது. பஸ் கண்டக்டர், "பேய் ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று விசிலடித்தார். கார், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரிசைகட்டி நின்றன. எல்லாம் பேயோட்டுகிற அருஞ்சுனைக் கோடாங்கியிடம் காப்புப் போட்டுக்கொள்ளத்தான். காப்பு என்றால், மெழுகும் சந்தனமும் திருநீறும் குழைத்த ஒரு உருண்டை. வண்டியின் பெட்ரோல் டாங்கி மூடியில் அதைக் கோடாங்கி தன் கையாலேயே அப்பிவிடுவார்.

காப்புப் போடாத வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. காப்புப் போட்ட வண்டிகள் ஏழெட்டு மைலுக்குள் நின்றன. நின்ற வண்டிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நல்லவேளை, காப்புப் போட்டோம். இல்லாட்டி பேய் வண்டியோட சேத்து நம்மளையும் முழுங்கியிருக்கும்!" இந்த மாதிரி ஆட்கள் இருக்கும்வரை எந்தப் பேய்க்கும் வேலை போகாது.

இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டது சீனிச்சாமியின் கார்.

சீனிச்சாமி வாடகைக் கார் ஓட்டுகிறவன். எந்த வெள்ளைக்காரத் துரையோ விட்டுப்போன கறுப்புப் பிளசர் கார். நாலு கை மாறி அவன் கைக்கு வந்தது. தான் குளிக்காவிட்டாலும் காரைக் குளிப்பாட்டிவிடுவான். ஆயுத பூஜைக்குச் சக்கரம், ஸ்டீரிங், ஹாரன், டாங்கி மூடி என்று கை போன இடமெல்லாம் சந்தனத்தைத் தட்டையாக அப்பி, மேலே குங்குமம் வைத்தான். மறுநாள் நெசவுக்கார ஜோதிலிங்கம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்சுழிக்குக் கிளம்பினான். ஒத்தப்பனை விலக்கில் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்து பார்த்தான். பெல்ட்டை ஆட்டிப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். அப்போதுதான் பனையடியில் ஆடு தொலைத்தவர்களுக்குக் குறி சொல்லிக்கொண்டிருந்த அருஞ்சுனை உடுக்கையோடு எழுந்து வந்தார். காரை மூன்று சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். டாங்கி மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்!

"கேட்டியாலே மூச்ச? போறா பாரு!" என்றார். கார் தொட்டதும் கிளம்பியது.

மறுநாளும் அதே இடத்தில் நின்றது. டவுனு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார், பிளக்கை மாற்றினார். ஒர்க்ஷாப் வாசலில் கார் கிளி மாதிரிப் பேசியது. "வண்டியில ஒண்ணுமே இல்லப்பா" என்று கையை விரித்தார். ஏழு மைல் ஓடியபின் வருகிற நோயை, ஓடாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

கோடாங்கிக்கு மட்டும் தெரிந்தது. உடுக்கையை அடித்து, கண்ணைச் செருகி, "யெஸ்! நோ! கெட்டவுட்டு!" என்று உறுமினார். கூட்டம் அப்படியே மிரண்டுபோனது. ஆட்டுக்குக் குறி சொல்கிற கோடாங்கி வாயில் இங்கிலீஷ் வருகிறதென்றால் பேய் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்!

"இது தொரசாணிப் பேயிலே. அவ ஒக்காந்த முன் சீட்டுல வேற ஒருத்தி ஒக்காந்துட்டா. அதான் மறிக்கா. ஒக்காந்தது ஆரு?"

முன் சீட்டில் உட்கார்ந்தவள் சீனிச்சாமியின் பெண்டாட்டி முத்துப்பேச்சிதான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவளை முன்னால் உட்காரவைத்து டவுனை ஒரு சுற்றுச் சுற்றிவருவது அவனுக்குப் பெருமை.

"அவள மூணு அமாவாசைக்கு அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பு. அப்பவும் வண்டி நின்னா, சபையில வச்சு ஒறவ அத்துத் தீத்துவிட்டுரு. இல்லாட்டி ஒனக்குத் தொழிலும் இல்ல, உசுரும் இல்ல" என்றார் கோடாங்கி.

சீனிச்சாமி வந்து சொன்னதைக் கேட்டு முத்துப்பேச்சி அழவில்லை. "செத்துப்போன தொரசாணி சொன்னா கேப்பீக. உசுரோட இருக்குற நான் சொன்னாக் கேக்க மாட்டீக. நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மல்லாங்கிணறு பஸ் ஏறிவிட்டாள். அங்கே அவள் அப்பனுக்கு எண்ணெய்க் கடை.

மூன்று மாசம். சீனிச்சாமி பொங்கிய சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் தீய்ந்தது. காருக்குக் காப்புமேல் காப்புப் போட்டான். கார் தவறாமல் ஒத்தப்பனையில் நின்றது. திரும்பும்போதும் அங்கே நிறுத்தி, கோடாங்கி கையால் மூடியைத் திறந்து, புதுக் காப்பு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது உத்தரவு. வேறு யாராவது மூடியைத் தொட்டால் ரத்தம் கக்கிச் சாவார்கள். பெட்ரோல் பங்க்கில் தினமும் அதே மூடியைத் திறக்கிற ஆள் வெற்றிலைச் சாற்றைத் தவிர எதையும் கக்கவில்லை. அதையும் ஒருவரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது அமாவாசை வந்தது. உச்சிவெயிலில் ஒத்தப்பனையில் திருவிழாக் கூட்டம். சீனிச்சாமியின் கார் வந்தது, வழக்கம்போல் இருமியது, நின்றது. "பாத்துக்கிட்டீகளா? தீத்துவிட வேண்டியதுதான்!" என்று கோடாங்கி கையைத் தூக்கினார். சீனிச்சாமி ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸிலிருந்து முத்துப்பேச்சி இறங்கினாள்.

"நான்தான் தீத்துவிடப் போற பொண்டாட்டி. போறதுக்கு முன்ன ஒரு சந்தேகம், சாமி. மூடியத் தொறந்தா தொரசாணி எங்கிட்டுப் போவா? உள்ளயா, வெளியவா?"

"வெளியதான். மூச்சுச் சத்தம் ஊருக்கே கேக்குதுல்ல? எதுக்க நிக்காதீக, அடிச்சிரும்!"

கூட்டம் சடாரென்று விலகியது. முத்துப்பேச்சி விலகவில்லை. ஓரமாக நின்ற பருத்திவண்டிப் பொதியிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சைப் பிய்த்து, டாங்கி வாயருகே பிடித்தாள்.

"தொறங்க, சாமி."

வேறு வழியில்லாமல் கோடாங்கி மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸ்ஸ்! பஞ்சு வெளியே பறக்கவில்லை. மூடியின் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. பாதி உள்ளேயே போய்விட்டது.

"வெளிய போறவ பஞ்ச எதுக்கு உள்ள இழுக்கா? தலகாணி தைக்கவா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அது... போறவ கதவ இழுத்துச் சாத்திட்டுப் போறா!" என்றார் கோடாங்கி.

"சரி. இத்தன வண்டிக்குக் காப்புப் போட்டீக. அந்தா நிக்கே, சிவப்பு மோட்டார் சைக்கிளு, உங்களதுதான? அதுக்கு ஏன் காப்பக் காணோம்?"

"எனக்கெதுக்கு? அவ எனக்கு அடிம!"

"அப்ப போட்டாலும் கெடுதியில்லல்ல?" கோடாங்கியின் பித்தளைத் தட்டிலிருந்து ஒரு உருண்டைக் காப்பை எடுத்து, மோட்டார் சைக்கிள் மூடியில் அவளே அழுத்தி அப்பினாள். "திருச்சுழிக்குப் போயி நாலு வெத்தல வாங்கிட்டு வாங்க. நிக்காம வந்துட்டா, என்னத் தீத்துவிடச் சொல்லி நானே இவுக கையில வெத்தலயக் குடுக்கேன்."

"போய்ட்டு வாங்க சாமி! ஒங்களுக்கென்ன!" என்று கூட்டம் கூவியது. பக்தர்கள் பாருங்கள், அவர்களுக்குத் துளியும் சந்தேகமில்லை. கோடாங்கி வண்டியை உதைத்தார். அவர் தலை மறைந்ததும் முத்துப்பேச்சி தாலிக் கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றினாள். கார் மூடியில் இருந்த காப்பைச் சுரண்டினாள். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. குத்திச் சுத்தம் செய்து மூடினாள்.

"வண்டிய எடுங்க. அவுக பின்னாலயே போவோம்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின் சீட்டில் ஜோதிலிங்கமும் இன்னும் நாலு பேரும் அடைந்துகொண்டார்கள். சீனிச்சாமி ஓட்டினான். அவன் எதிர்பார்த்த பேய் எந்த இடத்திலும் மறிக்கவில்லை.

அங்கிருந்து மூன்றாவது மைலில், வறண்ட கண்மாய்க் கரையில், சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் கோடாங்கி குத்தவைத்திருந்தார். டாங்கி மூடி ஒரு கையில். மறு கை வேட்டி முனையால் காப்பை வழித்துக்கொண்டிருந்தது. வாயில் மந்திரம் இல்லை, கெட்ட வார்த்தைதான்.

"என்ன சாமி, உடுக்க அடிக்கலயா?" என்றார் ஜோதிலிங்கம்.

கோடாங்கி பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார். "அடிச்சுக் கிடிச்சுப் புடாதீகய்யா! பதினோரு வருஷம் லாரியில கிளீனரா இருந்தேன். அந்த ஓட்ட அடச்சா வண்டி நிக்கும்னு தெரியும். மொத நா இவன் வண்டியில சந்தனம் அடச்சிருந்துச்சு. வயித்துப் பொழப்புக்கு அதயே புடிச்சுக்கிட்டேன்."

"அந்த இங்கிலீசு?"

"கிளீனரா இருந்தப்ப முதலாளி திட்டி வஞ்சதுய்யா."

அவரை மோட்டார் சைக்கிளைத் தள்ளவைத்தே ஒத்தப்பனைக்குக் கூட்டிவந்தார்கள். சீனிச்சாமி கூட்டத்து நடுவில் பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான்: "ஏ பேச்சி, ஒனக்கு எப்பிடிப் புள்ள தெரிஞ்சுச்சு?"

"எண்ண டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டுச் சாய்ச்சா, ரெண்டு மடக்கு ஊத்திட்டு நின்னுரும். எதுத்த மூலையில இன்னொண்ணு குத்துனாத்தான் காத்து உள்ள போகும், எண்ண வெளிய வரும். எங்க கடையில தெனம் பாக்குறது. பெட்ரோலுக்கு மட்டும் வேற சட்டமா? மூணு மாசம் ஒக்காந்து யோசிச்சேன். உங்களுக்குக் காரு ஓட்டத் தெரியும், எனக்கு அது தெரியாது. ஆனா யோசிக்கத் தெரியும்."

"அப்ப மொதமொதல்ல அந்த ஓட்டைய அடச்சது..."

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் அப்புனது ஆரு?"

சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். தன் கையாலேயே பேயைப் பெற்று, அதற்காகத் தன் பெண்டாட்டியையே துரத்தியிருக்கிறான். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என்ன மன்னிச்சிரு பேச்சி. வீட்டுக்கு வா" என்றான் எல்லார் முன்னாலும்.

"வாரேன். ஆனா முன் சீட்டு எனக்குத்தான். தொரசாணி வந்து கேட்டா, அவளப் பின்னால ஏறச் சொல்லுங்க" என்றாள் அவள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். நம் ஊர்க் கூட்டம் முடிய விடுமா? நேற்றுவரை கோடாங்கிக்குத் தேங்காய் உடைத்த தேங்காய்க் கடைக்காரர் வீரபத்திரன் ஓடிவந்து, கைகூப்பி நின்றார். அவர் பின்னால் இருபது பேர்.

"தாயி, அந்த ஊக்கு... பேய வெரட்டுன ஊக்கு... அத எங்களுக்குக் குடுத்துரு. இந்தப் பனையடியில வச்சு, சந்தனம் சாத்தி..."

முத்துப்பேச்சி ஊக்கைத் தாலியில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

"ஊக்கு டவுன்ல எல்லாப் பொட்டிக்கடையிலயும் விக்கிது. வாங்கிட்டுப் போயி வண்டி மூடியில குத்துங்க, வண்டி ஓடும். குத்தி முடிச்சதும் தூரப் போட்டுறாதீக. அடச்சுக் கெடக்குறது மூடி மட்டுமில்ல, உங்க மண்டையுந்தான்!"