இரண்டு ஓலைகளுக்கு நடுவே ஒரு காட்டேரி

நகச்சாயப் புட்டியை யாராவது திறந்தால் போதும், எனக்குக் காது சிவந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் மதிய இடைவேளையில் மேசைக்கடியில் ஒளித்துவைத்து நகம் தீட்டுவாள். இனிப்பும் காட்டமும் கலந்து, மூக்கின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து போய்விடுவேன். என்னைக் கண்டிப்பான கிழவி என்று அவள் நினைத்திருக்கிறாள். உண்மை வேறு. அந்த வாசனைக்குள் ஒரு வெள்ளை எனாமல் குவளை இருக்கிறது. குவளைக்குப் பின்னால் என் அக்கா இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், உலகத்தைத் திருத்தக் கிளம்பிய இருபத்திரண்டு வயது முட்டாள் ஒருத்தி நிற்கிறாள். அது நான்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நான் அவளை ரத்தக் காட்டேரி ஆக்கினேன். தொலைக்காட்சியில். அவள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது.

எழுபதுகளின் கடைசி அது, சிங்கப்பூரில். ஸ்டெல்லா அக்காவுக்கு இருபத்து நான்கு வயதில் காசநோய் வந்தது. பல மாதம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் மாத்திரை. ஒருநாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முழுதாகக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லிவிட்டார். நுரையீரல் டாக்டர் பேச்சைக் கேட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக் கேட்கவில்லை. மின்தூக்கியில் அக்கா ஏறினால், உள்ளே இருப்பவர்களுக்குத் திடீரென்று கடிதப்பெட்டி ஞாபகம் வந்துவிடும். “நீ போம்மா, நான் லெட்டர் வந்திருக்கான்னு பாக்கணும்.” (ஞாயிற்றுக்கிழமையிலும் கடிதம் எதிர்பார்த்தவர்கள் எங்கள் புளோக்கில் ஏராளம்.)

வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு ‘கடிதப்பெட்டி’ இருந்தது. அக்காவின் குவளையில், பிடிக்குப் பக்கத்தில், அம்மா சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தாள், மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று. அம்மா அக்காவை வெறுத்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் குவளையைக் கொதிநீரில் போட்டுவிட்டு, ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். கேட்டால் ஆவி என்பாள். அக்கா குணமான பிறகு கொதிநீர் நின்றது. பொட்டு அழியவில்லை. குவளை அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. அக்கா மட்டும், பழக்கதோஷத்தில், யார் வீட்டுக்குப் போனாலும் “தாகம் இல்லை” என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

நான் அப்போது வசன கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். “நிலவே, நீ இரவின் எக்ஸ்ரே படம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்த ஜென்மம். இப்படிப்பட்டவளுக்குக் கோபம் வந்தால் சும்மா இருப்பாளா? அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். ஏழாம் மாடியில் ஒரு பெண். வெளியூரிலிருந்து திரும்பி வருகிறாள். அவள் காட்டேரி என்று புளோக் முழுக்கப் பேச்சு. எல்லோரும் கதவைச் சாத்துகிறார்கள். இதுதான் கதை.

தயாரிப்பாளர் நல்ல மனிதர். “பொந்தியானாக்கா?” என்று மலாய்ப் பேயின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“இல்ல சார், ரத்தக் காட்டேரி. ஆனா நிஜக் காட்டேரி இல்ல. ஒரு உருவகம்.”

“உருவகத்துக்கெல்லாம் தனியா செட் போட முடியாதுலா.”

“செட் வேணாம் சார்.”

“யாரைக் கடிக்குது?”

“யாரையும் கடிக்காது சார். கடைசி வரைக்கும் ஒரு கப் டீதான் கேக்கும்.”

அவர் நிகழ்ச்சி அட்டவணையைப் புரட்டினார். அடுத்த மாதம் நிரப்புவதற்கு அவரிடம் ஓர் அரை மணி நேரம் காலியாக இருந்தது. அதனால் நான் எழுத்தாளர் ஆனேன். பொருள்கள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். கொண்டுபோனேன். எதை என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். குவளையை மட்டும் அல்ல. சிங்கப்பூர் வெயிலில் அக்கா காய்ச்சலோடு போர்த்திக்கொண்டிருந்த பச்சைக் கம்பளிச் சட்டையையும்.

பயமே இல்லையா என்று கேட்கலாம். இல்லை. உருவகம் தடித்த திரை, அதற்குப் பின்னால் இருப்பது யார் என்று எவராலும் பார்க்க முடியாது என மனமார நம்பினேன்.

ஒளிப்பதிவு முடிந்து, நாடகம் எப்போது வரும் என்று காத்திருந்த இடைவெளியில், அக்காவுக்கு வரன் கூடிவந்தது. ஆல்பர்ட், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை, பூன் லேயில் வீடு. கோயில் பாடகர் குழுவில் அக்காவைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. நோயைப் பற்றி அவர்கள் வீட்டில் நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை. “கேட்டா சொல்லுவோம். கேக்காதப்ப எதுக்கு?” என்பது அப்பாவின் சட்டம்.

எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் மணமக்கள் பெயரைப் படித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தன்னிடம் வந்து சொல்லும்படி கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். அக்காவுக்கு முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஓலைக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, மாலை ஏழு மணிக்கு என் நாடகம். ஏதாவது தெரிந்தால் சாமியாரிடம் சொல்லுங்கள் என்றார்கள். நான் நாட்டுக்கே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை. அதில் பார்த்திருந்தால் அந்தப் பொட்டு ஏதோ ஈ உட்கார்ந்த மாதிரி தெரிந்திருக்கும்; தப்பித்திருப்போம். ஆனால் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் போய், “எங்க சின்னவ எழுதுன நாடகம்” என்று மார்தட்ட, ஆல்பர்ட்டின் அம்மா பிலோமினா ஆன்ட்டி, “அப்ப இங்க வந்து பாருங்க, எங்க வீட்ல கலர்” என்று அழைத்துவிட்டார். நல்ல சேலை கட்டிக்கொண்டு, தேக்கா சந்தையில் வாங்கிய பழங்களோடு, குடும்பமாகப் போய் உட்கார்ந்தோம்.

நாடகம் தொடங்கியது. காட்டேரி வந்தாள். கோரைப்பற்கள் பேசினால் கழன்று விழும் என்பதால் அவளுக்கு வசனம் குறைவு. கண்ணாலேயே நடித்தாள், பாவம். பச்சைக் கம்பளிச் சட்டை தெரிந்ததும் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அப்போதுதான் ஒளிப்பதிவாளர், நான் கேட்டுக்கொண்டபடியே, குவளையை நெருங்கி நெருங்கிப் போனார். வெள்ளை எனாமல். பிடிக்குப் பக்கத்தில் பொட்டு. கலர் பெட்டி முழுக்க, காயாத ரத்தம்போல, ஒற்றைச் சிவப்பு.

“அடிப்பாவி! நம்ம ஸ்டெல்லா குவளையை எதுக்குடி எடுத்துட்டுப் போன?”

அம்மாதான். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தன் குரல் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்?

பிலோமினா ஆன்ட்டி திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “உங்க வீட்டுக் குவளையா சம்பந்தி? என்ன அது, சிவப்பா?”

அப்பா கணக்குத் துறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்; பொய் சொல்லிப் பழக்கமில்லை. “எறும்பு வராம இருக்கறதுக்கு,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் பேசினாள். “எனக்கு டி.பி. இருந்துச்சு ஆன்ட்டி. இப்ப இல்ல. அது நான் குடிச்ச குவளை.”

“ஆல்பர்ட்! உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும் மா. ஓலைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டெல்லா சொல்லிட்டா.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

(எங்கள் அப்பாவின் சட்டம் அந்த வீட்டிலும் நடைமுறையில் இருந்திருக்கிறது.)

ஆன்ட்டியின் முகம் இறுகியது. அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். கல்யாணம் அந்தத் தலைப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி வாயைத் திறக்கும் நேரத்தில், மூலையில் சாய்வு நாற்காலியிலிருந்து ஆல்பர்ட்டின் அப்பா அதட்டினார்: “உஷ்! சண்டையெல்லாம் அப்புறம். நாடகம் முடியட்டும்!”

அவர் ஒருவர்தான் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே, நின்றுபோகப் போகிற ஒரு கல்யாணத்தின் இரண்டு குடும்பங்களும் மூச்சுவிடாமல் என் நாடகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தோம். என் எழுத்தை அவ்வளவு கவனமாக அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. காட்டேரி கதவு கதவாகத் தட்டி டீ கேட்டாள். யாரும் திறக்கவில்லை. முடிந்தது.

அங்கிள் மூக்கை உறிஞ்சினார். “என்ன ஜனங்க இது லா. ஒரு டீ குடுத்தா என்னவாம்?”

ஆன்ட்டி எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரச் சத்தம் பலமாகவே வந்தது. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். ஆனால் ஆன்ட்டி தட்டில் டீயோடு வந்தார். ஏழு கோப்பை, ஏழும் ஒரே மாதிரி நீலப்பூ போட்டவை. அக்காவிடம் நீட்டினார். “தாகம் இல்லை” என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, எனக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

“சீனி சரியா இருக்கா?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். “கொஞ்சம் கம்மி, ஆன்ட்டி.”

ஆன்ட்டி அக்கா கையிலிருந்து கோப்பையை வாங்கினார். அதே இடத்தில் வாய்வைத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தார். “ஆமா, கம்மிதான்,” என்றார். உள்ளே போய், அதே கோப்பையில் சீனி போட்டுக் கலக்கி, கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார்.

வேண்டுமென்று செய்தாரா, தன் டீயைக் குறை சொல்லிவிட்டாளே என்ற ரோஷத்தில் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா அழுதாள், இந்த முறை ஆவியைச் சாக்குச் சொல்லவில்லை. ஆன்ட்டி மட்டும் என் பக்கம் திரும்பி, “வியாதி வந்தா வந்துட்டுப் போகுது. ஆனா சம்பந்தி வீட்டு விஷயத்த டிவியிலதான் தெரிஞ்சுக்கணுமா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. பங்குக் கோயில் முழுக்க நாடகம் பார்த்திருந்தது. தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று படித்துவிட்டுச் சாமியார் நிறுத்தினார். அந்த அமைதியில் யாரோ இருமினார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. அப்பா! பதற்றத்தில் தொண்டை அடைத்திருக்கிறது. முன்வரிசையிலிருந்து பிலோமினா ஆன்ட்டி எழுந்து, நன்றாகக் கேட்கும்படி, “தண்ணி குடிங்க சம்பந்தி” என்று தன் பாட்டிலை நீட்டினார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

என் எழுத்துலக வாழ்க்கை தேக்கா மீன்கடையில் முடிவுக்கு வந்தது. “அரை மணி நேரம் உக்காந்து பாத்தேன்மா, ஒரு கடிகூட இல்லையே?” என்று மீன்காரர் கேட்டார். உருவகத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருந்தாலும் ஒருத்தனையாவது கடித்திருக்கலாம் என்றார். வீட்டிலோ இன்றும் எனக்கு விடுதலை இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் ஏதாவது அந்தரங்கம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் நுழைந்தால், ஆல்பர்ட் அத்தான் விரலை உதட்டில் வைத்து, “உஷ், கேமரா வருது” என்பார். அக்கா பிள்ளைகளுக்கு நான் கேமரா சித்தி. அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகின்றன, காரணம் தெரியாமலே.

அக்கா கடைசியில் சொன்னதை மட்டும் யாரும் கேட்டுச் சிரித்ததில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வியாழனிலிருந்து கல்யாண நாள் வரை அவள் என்னோடு அளந்துதான் பேசினாள். நானும் மன்னிப்பை நீளமாக, உவமைகளோடு, நான்கு பக்கத்துக்கு எழுதிவைத்திருந்தேன். விருந்து நடந்துகொண்டிருந்தபோதே பூன் லேக்குப் புறப்பட வேண்டும் என்று காரைக் கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளைச் சேலையை இரு கையாலும் அள்ளிக்கொண்டு ஏறியவள், கண்ணாடியை இறக்கி என்னை அருகில் கூப்பிட்டாள். காகிதத்தை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாம்டி. அடுத்த தடவை எழுதுனா, என்னை மனுஷியாவே எழுது. சரி, போ, பிரியாணி முடிஞ்சிடும்.”