எழுபத்தெட்டுக் கிலோவுக்கான ஸ்பிரிங்

வயதைக் குறைத்துச் சொன்னவனை ஊர் மன்னித்துவிடும். எடையைக் குறைத்துச் சொன்னவனை ஸ்பிரிங் மன்னிப்பதில்லை. இதை நான் அறிந்தது என் அக்காள் மகன் செந்திலின் மாப்பிள்ளை அழைப்பு அன்று.

அவனை என் காரில் அழைத்து வருவதாக வாக்களித்திருந்தேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, திறந்த மேற்புறம். என்னைவிடச் சில ஆண்டுகளே இளைய பந்தயக் கார். (அதைப் பார்த்து என் மனைவி இதுவரை பெருமூச்சு மட்டுமே விட்டிருக்கிறாள்.) முன் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்ததால், டோல்கேட் அருகே லாரிகளுக்கு ஸ்பிரிங் போடும் பஷீர் பாயிடம் நானும் மனைவியும் சென்றோம். அவர் இரண்டு வகைகளை எடுத்து வைத்தார்: ஒன்று மெல்லிய கம்பி, மற்றது தடித்தது.

"லாரின்னா லோடப் பாத்துப் போடுவேன். இது இத்துனூண்டு வண்டி, ஆளுதான் லோடு. நீ இன்னா வெயிட்டு சார்?"

"எழுபத்தெட்டு."

அவர் பார்வை என் சட்டையின் நான்காம் பொத்தானில் நின்றது. "நெசமாவா? எதுத்தாப்புல லாரி எடை மேடை கீது. ஒருவாட்டி ஏறி எறங்கிட்டா பேஜாரே இல்ல."

"நான் என்ன கன்டெய்னரா?" என்று சினந்தேன். மனைவி, போகிற லாரியின் எண்ணைப் படிப்பதில் ஆழ்ந்தாள். மெல்லிய கம்பியே பூட்டப்பட்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி நிற்கும் என்றார் பாய்.

வீட்டில் நான் ஏறி அமர, மனைவி குனிந்து பார்த்தாள். ஒரு விரல்தான் நுழைந்தது. "பாய்கிட்டச் சொல்லி மாத்திடுங்க" என்றாள். மாற்றப் போனால் எடையைச் சொல்ல வேண்டும். நான் போகவில்லை.

நாகசுரமும் தவிலும் முன்செல்ல, செந்திலைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பட்டு வேட்டியில் காரோட்டினேன். டோல்கேட் அருகே ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் என் பக்கச் சக்கரம் மட்கார்டில் உரசி அலறியது. ரப்பர் கருகும் நாற்றம் மல்லிகையை வென்றது. மேளம் நின்றது.

பெண்ணின் தந்தை வரதராஜன் ஓடிவந்தார். "ஸ்பிரிங் யார் சம்மந்தி போட்டது?"

"பஷீர் பாய். தொழில் தெரியாத ஆள், ஏமாத்திட்டார்!" என்றேன், தெருவே கேட்க.

"நம்ம பாயா? என் பத்து லாரிக்கும் அவருதான் போடுறாரு. இப்பிடின்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

அந்தக் கணத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குள் கூச்சல் கேட்டுப் பாயே வந்துவிட்டார். சக்கரத்தின்மேல் விரலை விட்டுப் பார்த்தார். வரதராஜனிடம், "எம்மேல தப்புன்னா வேற கடைக்குப் போ நைனா. அதுக்கு முன்னாடி மேடையில ஒருவாட்டி ஏத்திப் பாரு" என்றார்.

செந்தில் இறங்கிக்கொண்டான். கன்டெய்னர் லாரிகள் இரண்டுக்கு நடுவே காரும் நானுமாக எடை மேடையில் நின்றோம். பிறகு நான் மட்டும் இறங்கினேன். எடையில் நூற்றுப்பத்துக் கிலோ குறைந்தது. தவில்காரர் ஒரே ஓர் அடி கொடுத்தார்.

எடைச் சீட்டு அடிப்பவர் சன்னல் வழியே கேட்டார்: "பொருள் இன்னான்னு போடறது?"

"தாய்மாமன்னு போடுங்க" என்றான் செந்தில்.

"திங்கக்கிழமை ரெண்டு வண்டி அனுப்புறேன் பாய்" என்று வரதராஜன் அவர் தோளைத் தொட்டார். என் முறை வந்தது. பழி சொன்னபோது தெருவையே நிறைத்த குரல், மன்னிப்புக் கேட்டபோது எனக்கே கேட்கவில்லை.

"இன்னா சார்? சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். (நாகசுரக்காரர் உட்பட அனைவரும் கேட்டனர்.)

செந்திலை மண்டபம் சேர்த்தவள் என் மனைவி. அவள் அமர்ந்ததும் இடைவெளி சரியாக இரண்டு விரல் நின்றது. கார் சத்தமின்றி நகர்ந்தது. நான் மேளக்காரர்களோடு நடந்தேன்.

இப்போது காரில் தடித்த கம்பிதான் இருக்கிறது. அந்தச் சீட்டு, கண்ணாடித்தாள் ஒட்டப்பட்டு அக்காள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது: பொருள், தாய்மாமன், நிகர எடை, 110. இன்றும் அவ்வீட்டில் நான் எதைச் சொன்னாலும், இரண்டு இட்லிதான் தின்றேன் என்றாலும், அக்காள் கேட்பது ஒன்றுதான்:

"சீட்டு இருக்கா?"