நின்ற மாமா படுத்த கதை

தங்கள் புத்திசாலித்தனத்தை நிரூபிக்கப் போகிறவர்கள் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நான் கூட்டிப்போனேன். நல்லவேளை, கூட்டிப்போனேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். உடம்பின் வெப்பத்தைப் படம்பிடிக்கும் தெர்மல் கேமராதான் என் புராஜெக்ட். படத்தில் இருக்கும் ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்று நான் எழுதிய புரோகிராம் சொல்லும். ஏசி லேபில் தோழிகளை வைத்துச் சோதித்தேன். ஒரு தப்பு இல்லை. (நோபல் பரிசு வாங்கப் போகையில் எந்தச் சேலை கட்டுவது என்பது மட்டும்தான் குழப்பம்.)

புராஜெக்ட் தேர்வன்று, பசுவந்தனையிலிருந்து வந்திருந்த மாமாவைக் கூட்டிப்போனேன். அம்மாவின் தம்பி, ஆட்டு வியாபாரி. 'பொம்பளப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் எதுக்கு?' என்ற மொத்தக் குடும்பத்தோடும் எனக்காகச் சண்டை போட்டவர். அன்றைக்குப் புது வெள்ளை வேட்டி.

மார்க் போட வந்திருந்த வெளியூர்த் தேர்வாளர், "வெளியே வச்சுக் காட்டும்மா" என்றார். சித்திரை மாதத்து உச்சி வெயில். கரிசல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு முன்பே மாமா போய் ஒரு கல்தூணுக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

'படுத்திருக்கிறார்' என்றது திரை.

"நிக்கிறாரேம்மா?" என்றார் தேர்வாளர். நான் திரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏட்டி, என்ன சொல்லுது?" என்றார் மாமா.

"நீங்க படுத்திருக்கீங்கன்னு சொல்லுது மாமா."

"அவ்வளவுதான? இதுக்கா முழிக்கே?"

புது வேட்டியோடு அந்தக் கரிசலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். "இப்ப சரியாப் போச்சுல்லா?"

'நிற்கிறார்' என்றது திரை.

தேர்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "சார், முதுகு வேகுது, சட்டுனு மார்க்கைப் போடுங்க!" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "சூடா இருந்தா ஆளுன்னு எழுதிட்டேன் சார். இன்னைக்கு மாமாவைவிடத் தரையும் தூணும்தான் சூடு. அவர் நின்னப்போ தூண் மறைஞ்சது, தரையைப் பார்த்துப் 'படுத்திருக்கார்'னுச்சு. படுத்ததும் தரை மறைஞ்சு தூண் தெரியுது, அதைப் பார்த்து 'நிக்கிறார்'னுச்சு."

"தப்பு எங்கன்னு தெரிஞ்சிருக்கே, அது போதும். முதல்ல அவரை எழுப்பும்மா" என்றார். பாஸ் போட்டார்.

மாமாவின் முதுகில் ஒரு வாரம் மஞ்சள் தடவினார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எம் மருமவ பாஸ்" என்று பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னார்.

என் கல்யாணத்தில் போட்டோகிராபர், "பெரியவரே, கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றார்.

"நான் நிக்கேனா படுத்திருக்கேனான்னு எம் மருமவகிட்ட கேளுங்க, அவதான் படிச்சவ" என்றார் மாமா.

ஆல்பத்தில் அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கண்ணைத் துடைக்கிறேன்.