இந்தி நடிகருக்கு நான் கொடுத்த அண்ணன்

பெண் பார்க்கப் போகிறவன் தின்பதற்கு மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். பலகாரம் வந்தால் தின்ன வேண்டும். தேத்தண்ணீர் வந்தால் குடிக்க வேண்டும். கேள்வி வந்தால் "ஓம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லிவிட்டு, சுவரில் தொங்கும் கலண்டரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு இப்போது நிறைய இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், லண்டனில் லூயிஷாம் பகுதியில் ஒரு வீட்டு முன்னறையில், அறை நண்பனின் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மருந்துக்கும் இருக்கவில்லை.

அப்போது நான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் நாலைந்து பெடியன்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். வேலை பெற்றோல் ஷெட்டில். (சம்பந்தம் பேசும்போது குலம் அண்ணை "பெடியன் எக்கவுண்டன்சி படிக்கிறான்" என்று சொல்லியிருந்தார். அது பொய்யல்ல. படித்துக்கொண்டுதான் இருந்தேன், அதே முதலாம் வருடத்தைத் திரும்பத் திரும்ப.) குலம் அண்ணை எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். லண்டனில் எனக்கிருந்த ஒரே சொந்தம், ஆகவே என் கல்யாணத்துக்கு அவரே தாய், தகப்பன், தரகர்.

பெண்ணின் தகப்பன் தம்பிராசா மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கத்தில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் கூட. தலைவர், உபதலைவர், காப்பாளர், மூத்த காப்பாளர் என்று போய்க்கொண்டேயிருக்கும். தவறுதலாகக் கூட்டத்துக்கு வந்தவர்கூடப் பதவியில்லாமல் வீடு திரும்பியது கிடையாது. மாஸ்டருக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. மனிதன் தாய்மொழியில்தான் பேச வேண்டும் என்பது ஒன்று. பொய் சொல்கிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது மற்றது. எனக்கு முதல் வந்த மாப்பிள்ளை தன் வயதில் கொஞ்சம் குறைத்துச் சொன்னானாம். பலகாரம் வருமுன்னமே அவனை அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டரின் மகள் மாலினி பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். போகும்போது ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் பெற்றோல் ஷெட்டிலேயே கிடந்து நரைத்துப் போவேன் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது.

சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்கியது. நெற்றியில் சுருள் முடி, கண்ணில் நிரந்தரச் சோகம்.

"இவர் கிரண்நாத் எல்லோ?" என்றேன்.

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கிரண்நாத் ஒரு காலத்தில் இந்திப் படவுலகை அழவைத்தவர். முதலில் கதாநாயகனாக நடித்தார். பிறகு கதாநாயகனுக்கு அண்ணனாக, பிறகு தகப்பனாக, பிறகு தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக. கடைசிப் படங்களில் அவர் சுவரில் மாலை போட்ட படமாக மட்டுமே வந்தார். அப்போதும் சனம் அழுதது. எங்கள் வீட்டில் அவருடைய கசெட்டுகளை வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம், ஒரு சொல்லும் விளங்காது.

"யாழ்ப்பாணத்தில அவற்ற படம் ஒண்டையும் நான் விட்டதில்லை," என்றார் மாஸ்டர். "ஒரு சொல்லும் விளங்காது தம்பி. ஆனால் அழுதன். உமக்கு விளங்குமோ?"

இந்த இடத்தில் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அவரே விளங்காது என்றுதானே சொல்கிறார்? ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் மாலினியின் சட்டைக் கரை தெரிந்தது.

"விளங்கும் ஐயா. இந்தி எனக்குத் தண்ணி பட்ட பாடு."

குலம் அண்ணை என் காலை மிதித்தார். மிதி பிந்திவிட்டது.

சில கிழமை கழித்து மாஸ்டரே போன் எடுத்தார். கிரண்நாத் முழங்காலில் ஒப்பரேஷன் செய்துகொண்டு லண்டனில் சட்டன் பக்கம் மகள் வீட்டில் தங்கியிருக்கிறாராம். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்டாராம். அப்பா ஆங்கிலத்தில் பேசுவார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மாஸ்டர் விடவில்லை.

"இங்கிலீசை நாங்கள் பஸ்ஸிலயும் கேக்கலாம். அவர் தன்ர தாய்மொழியிலதான் பேச வேணும், அதுதான் மரியாதை எண்டு சொல்லிப்போட்டன். மொழிபெயர்க்க எங்களிட்ட ஆள் இருக்கு. விழா நல்லபடியா முடியட்டும், அடுத்த நாளே கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

ஆள் நான்தான். போனை வைத்துவிட்டுக் குலம் அண்ணையிடம் ஓடினேன்.

"உண்மையைச் சொல்லிப்போடு," என்றார்.

"சொன்னால் பொம்பிளை இல்லை அண்ணை."

"சொல்லாட்டில் மேடையில மானமும் இல்லை, பொம்பிளையும் இல்லை."

நான் துணிந்தேன். எனக்குத் தெரிந்த இந்தி அம்மா, இரத்தம், சட்டம், நாயே என்ற நாலு சொற்களுக்குள் அடங்கிவிடும். ஒரு முழுப் படத்தையும் விளங்கிக்கொள்ள அது தாராளம் என்று நினைத்தேன். ஒரு நடிகரின் வாழ்க்கை மட்டும் வேறு விதமாகவா இருந்துவிடப் போகிறது?

விழா லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மகள் கிரண்நாத்தைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிப் போய்விட்டாள். தடியூன்றி மெல்ல வந்தார். முடி வெள்ளையாகிவிட்டது, கண்ணில் அதே சோகம். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைவர் உரை, உபதலைவர் உரை, தனக்கு உரை தரப்படாததைக் கண்டித்துக் காப்பாளர் ஆற்றிய உரை எல்லாம் முடிந்தபின் அவரைப் பேச அழைத்தார்கள். அவர் மைக் முன் வந்ததும், அவர் விட்டு எழும்பிய கதிரையில் மூத்த காப்பாளர் உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு வசனம் சொல்லி என்னைப் பார்த்தார். அதில் அம்மா இல்லை, இரத்தமும் இல்லை. முன்வரிசையில் மாலினி இருந்தாள்.

"ஐயா ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தாராம்," என்றேன்.

சபை தலையாட்டியது. எனக்குத் தைரியம் வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். நேர்மையான குமாஸ்தாவான அவருடைய தகப்பனைப் பொய்வழக்கில் சிறைக்கு அனுப்பினேன். தாயைத் தையல் மெசினில் உட்காரவைத்து, கண் பார்வையையும் எடுத்துவிட்டேன். அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். "இந்தக் கால்களாலேயே பம்பாய்க்கு நடந்து வந்தேன் என்கிறார்," என்றேன். கைதட்டல். அவர் திரும்பவும் முழங்காலைக் காட்டினார், இம்முறை கொஞ்சம் அழுத்தமாக. "செருப்பும் இல்லாமல்," என்று சேர்த்தேன்.

மேலே கையைக் காட்டினார். கடவுள் என்றேன். சிரித்தார். துன்பம் எல்லை கடந்தால் மனிதனுக்குச் சிரிப்புத்தான் வருமாம் என்றேன். (இந்த வசனத்தை உபதலைவர் பிறகு பல மரண வீடுகளில் பாவித்தார்.) கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். சிறுவயதில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் அவருடைய கையிலிருந்து அண்ணனின் கை நழுவிப் போனது. தாய் கட்டிவிட்ட ஒரே மாதிரித் தாயத்து இருவர் கழுத்திலும் இருந்தது. "இன்றைக்கும் ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு சபையிலும், ஐயா அந்தத் தாயத்தைத்தான் தேடுகிறார்."

மண்டபம் விம்மியது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரண்நாத்தும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். என் மொழிபெயர்ப்பு அவ்வளவு துல்லியம் என்று நானே நம்பிவிட்டேன்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஒரு அம்மா மேடைக்கு வந்தார். அவரை எனக்குத் தெரியாது. கிரண்நாத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்களும் எங்கட அண்ணையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறம் ஐயா. கடிதம் வந்து கனகாலம். உங்கட அண்ணை கிடைப்பார். எங்கட அண்ணையும் கிடைப்பார்."

கிரண்நாத் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்து, அந்த அம்மா விடும்வரை அப்படியே நின்றார். அந்த மண்டபத்தில் ஊரில் நடந்த சண்டையில் உண்மையாகவே ஆளைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கதை கட்டும்போது எனக்கு அது தோன்றவேயில்லை. உடம்பெல்லாம் கூசியது.

சாப்பாட்டு மேசையில் மாஸ்டர் நடிகரைத் தன் வலப்பக்கத்திலும் என்னை இடப்பக்கத்திலும் இருத்தினார். குலம் அண்ணை எதிரில். மாலினி சொதி வாளியோடு வந்து பரிமாறினாள்.

"ஊத்தும்மா, இன்னும் கொஞ்சம். இடியாப்பம் பூ மாதிரி இருக்கு," என்றது ஒரு குரல்.

சங்கத்தில் இந்தியத் தமிழர் யாருமில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். மாலினி நடிகரைப் பார்த்தபடி உறைந்து நின்றாள். சொதி அவருடைய கோப்பை நிரம்பி மேசையில் ஓடியது.

"ஐயாவுக்குத் தமிழ் தெரியுமோ?" என்றார் மாஸ்டர்.

"ஆமா சார். என் முதல் படங்க எல்லாம் மெட்ராஸ்ல எடுத்ததுதான். கோடம்பாக்கத்துல ரூம் எடுத்து வருஷக்கணக்கா இருந்தேன். மெஸ்ல சாப்பிட்டுச் சாப்பிட்டே கத்துக்கிட்டேன்."

(யாழ்ப்பாணத்தில் அவர் படம் பார்த்து அழுத அத்தனை பேரும், ஒரு இந்தி நடிகர் சென்னையில் கால் வைத்திருக்கக்கூடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையைக் கரைத்துக் குடித்தவன் என்று மேடையேறிய நானும் நினைக்கவில்லை.)

"அப்ப ஏன் இந்தியில பேசினனீங்கள்?"

"இந்தில எங்க சார் பேசினேன்? தாய்மொழில பேசச் சொன்னீங்க. என் தாய்மொழி பஞ்சாபி. பஞ்சாபிலதான் பேசினேன்."

எனக்கு இந்தி தெரியாதது மட்டுமல்ல, அது இந்தி இல்லை என்பதும் தெரியவில்லை. குலம் அண்ணை தலையைக் குனிந்து இடியப்பத்துக்குள் ஏதோ தேடத் தொடங்கினார்.

மாஸ்டர் நம்பிக்கையை இன்னும் கைவிடவில்லை. "உங்கட அண்ணை?"

"நான் ஒரே பிள்ளை சார்."

"அப்பா சிறைக்குப் போனது?"

"துணிக்கடை வெச்சிருந்தார். நல்ல வசதி. ஜெயிலுக்குப் போனதில்ல, இன்கம்டாக்ஸ்காரங்க வந்து போனதோட சரி. அம்மா தள்ளாத வயசுலயும் ஊசில நூல் கோத்தாங்க. பம்பாய்க்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட்ல போனேன்."

"அப்ப முழங்காலைக் காட்டினது?"

"வலிக்குது, நாற்காலி போடுங்கன்னேன். மேல காட்டினது, அந்த லைட் கண்ணைக் குத்துது, அணைங்கன்னு."

மாஸ்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். பிழையான விடை எழுதின பிள்ளையை அவர் வகுப்பில் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"தமிழ் தெரிஞ்சனீங்கள், இடையில நிப்பாட்டியிருக்கலாமே ஐயா," என்றார்.

"நிறுத்தத்தான் நெனச்சேன். ஆனா அண்ணன் கெடச்சானா இல்லையான்னு தெரியாம எப்படி சார் நிறுத்தறது? கால் வலியோட கடைசி வரைக்கும் நின்னேன். கெடைக்கவே இல்லைன்னு முடிச்சுட்டான்." அந்த விஷயத்தில் அவருக்கு உண்மையான மனத்தாங்கல் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுக்கப்புறம் அந்த அம்மா வந்து கையைப் பிடிச்சுட்டாங்க. அவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

மாஸ்டர் கையைத் துடைத்தார்.

"ஐயா, இந்தப் பெடியனுக்குத்தான் என்ர மகளைப் பேசியிருக்கிறம். பொய் சொல்லுறவனுக்குப் பொம்பிளை குடுக்கிறேல்லை எண்டு வைராக்கியமா இருந்தனான்."

எனக்கு உலகம் அந்த இடத்தில் முடிந்தது. மாலினியை நிமிர்ந்து பார்க்கவும் துணிவில்லை. கிரண்நாத் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், நாப்பது வருஷமா பொய் பேசித்தான் நான் சம்பாதிச்சேன். ஒரு சொட்டு வேர்த்ததில்ல. இந்தப் பையன் பக்கத்துலயே நின்னேன், பாத்தேன். ஒவ்வொரு பொய்க்கும் நெத்தியிலேர்ந்து கொட்டுது. அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பினப்போ சட்டை காலர் நனைஞ்சுடுச்சு. இப்படி வேர்க்கிறவன் வீட்ல பொய் சொல்லித் தப்பிக்கவே முடியாது, தைரியமாக் குடுங்க. வேர்க்காம பொய் சொல்றவன் எவனாவது வந்தா சினிமாவுக்கு அனுப்பிடுங்க."

மாஸ்டர் மகளைப் பார்த்தார். "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

மாலினி சொதி வாளியைக் கீழே வைத்தாள். சங்கத்தின் அத்தனை பதவிகளும் பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"இன்னும் வேர்க்குதப்பா," என்றாள்.

மாஸ்டர் வேறு பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். "அப்ப நாளைக்கே நாள் பாப்பம். ஆனால் தம்பி, இனிச் சங்கத்தில உமக்கு ஒரு பதவியும் இல்லை." அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் பதவியில்லாத ஒரே உறுப்பினன் இன்றுவரை நான்தான்.

கிரண்நாத் இப்போது இல்லை. மாஸ்டரும் போய்விட்டார். அந்தப் புறங்கை மட்டும் இருக்கிறது. பிந்தி வீட்டுக்கு வந்து "ட்ரெயின் லேட்" என்றால் நெற்றிக்கு வரும். "இனிப்புச் சாப்பிடேல்லை" என்றாலும் வரும். கோயிலில் பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் புருஷனுக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்க்கிறாளே, என்ன பாசம் என்கிறார்கள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் "அம்மா, செக் ஹிம்" என்று சத்தம் வரும்.

போன வருடம் மகள் ஒரு பெடியனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன். பலகாரத் தட்டின் முன் நேராக உட்கார்ந்திருந்தான்.

"தமிழ் விளங்குமோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள், எல்லாம் விளங்கும்," என்றான்.

எழும்பிப் போய் அவன் நெற்றியில் புறங்கையை வைத்தேன். நனைந்து போயிருந்தது. நல்ல பெடியன்.