அம்மாவுக்குப் புரியாத பாஷை

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஏசுராஜ் குனிந்து அவர் காதருகே சொன்னான்.

"சார், அம்மா பக்கத்துல கீது. இங்கிலீஷ்லயே சொல்லிடுங்க."

கெட்ட சேதியைப் பெரியவர்கள் எதிரில் இங்கிலீஷில் பேசுவது நம் ஊர் வழக்கம். அதற்குக் கேட்கிறவனுக்காவது இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். ஏசுராஜ் பத்தாவதில் அந்த ஒரு பாடத்தில் மூன்று தடவை கோட்டை விட்டு, பட்டினப்பாக்கத்தில் அப்பாவின் படகில் ஏறியவன்.

டாக்டர் ஒருமுறை அவன் அம்மா தேசம்மாவைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நான்கு நிமிடம் பேசினார். ஏசுராஜ் நான்கு நிமிடமும் தலையாட்டினான். அவனுக்குச் சிக்கியது ஒரே சொல்.

"இன்னாடா சொன்னாரு?" வெளியே வந்ததும் தேசம்மா கேட்டாள்.

"கம்ஃபர்ட்டபிள்னாரு. சாதா வயித்துப் புண்ணுதான்மா."

"நல்லா கேட்டுக்கினியா?"

"எல்லாம் கேட்டேன்."

மீன் கூடை சுமந்த உடம்பு இரண்டு மாதத்தில் பாதியாகியிருந்தது. அம்மா பிழைப்பாளா என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிய வேண்டும். தனியாகப் போய்க் கேட்கலாம் என்றால் அவள் விடவில்லை. டாக்டர் அறைக்கு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் கூட்டாளி சூர்யாவை அழைத்துப் போனான். சூர்யா ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டுகிறவன், வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகியவன்.

"அவன் எதுக்குடா?" என்றாள் தேசம்மா. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

உள்ளே சூர்யா, "யெஸ் டாக்டர், கரெக்ட் டாக்டர்" என்று வெளுத்து வாங்கினான். அந்த உற்சாகத்தில் டாக்டரும் வேகம் எடுத்துவிட்டார்.

"இன்னா மச்சி சொன்னாரு?"

"எனக்கு லெஃப்ட், ரைட், லக்கேஜ்தான் மச்சி வரும். இவரு எங்கயும் திரும்பவே இல்லியே."

மூன்றாவது தடவை ஏசுராஜ் சட்டைப் பையில் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்தான். மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டதும் அது சுத்தத் தமிழில் கொடுத்தது: 'இனி நோயுற்றவரின் வலித்தணிப்பே நம் இலக்கு.'

அவனும் சூர்யாவும் அதை மூன்று முறை படித்தார்கள்.

"இது இன்னா பாஷைடா?" என்றான் ஏசுராஜ்.

"தமிழ்னுதான் போட்டுக்கீது."

வலி என்பது மட்டும் புரிந்தது. அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். மேஜையில் நர்ஸ் அமீனா பீ எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எதிரே நின்றதும் இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதான்.

"அக்கா, அம்மா வரல. இன்னைக்கு ஒரு தபா டாக்டரைத் தமிழ்ல சொல்லச் சொல்லுக்கா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இத்தினி நாளா சும்மா தலையாட்டிக்கினு இருந்தேன்."

அமீனா பீ பேனாவை மூடி வைத்தாள்.

"தெரியும் தம்பி. உன்னைக் கூட்டினு வர்றதுக்கு முந்தின நாளே உங்கம்மா தனியா வந்து, எல்லாத்தையும் தமிழ்ல கேட்டுக்கினாங்க. போறப்ப டாக்டர் கையைப் புடிச்சிக்கினு, 'எம் புள்ள தாங்கமாட்டான், அவனுக்கு இங்கிலீஷ் வராது, அதுலயே பேசுங்க'ன்னாங்க."