சுத்தமான சாட்சி

"பிளம்பர்கிட்ட சொல்லியாச்சுன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?" மேல்படியில் நின்று டிரைவிங் மாஸ்டர் கத்தினார். இடுப்பில் துண்டு, காதோரம் சோப்பு நுரை.

"உங்க பிளம்பர் என்ன, நீந்தியா வர்றாரு? நீங்க மேல குளிச்சா நான் கீழ கட்டில்ல படுத்தபடியே குளிச்சிடறேன்." கீழ்ப்படியிலிருந்து குடைக்கடைக்காரர் பதிலுக்குக் கத்தினார். கையில் விரித்த குடை.

ஊருக்கெல்லாம் குடை விற்கிறவர் தன் படுக்கையறையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் கட்டடத்துக்கு வேறு என்ன பொழுதுபோக்கு வேண்டும்? மாலையில் மாஸ்டர் குளிக்கப் போனால் போதும், இவர் கட்டிலுக்கு நேர் மேலே கூரை சொட்ட ஆரம்பிக்கும். மாஸ்டரோ நிதானமாகக் குளிக்கிறவர். நாளெல்லாம் பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்த உடம்பு.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. "கத்தினது போதும் ரெண்டு பேரும்," என்றார் நர்ஸம்மா. "நீங்க உள்ள வாங்க. டீ ஆறுது."

குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். தினமும் இதே கதைதான். சொட்டு நிற்கும்வரை அங்கே இருப்பார். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருப்பார். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டியாயிற்று, இரண்டு பேரும் தனிக்கட்டை. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று கட்டடமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அவரும் கேட்கத்தான் இருந்தார். மரக் கைப்பிடி போட்ட ஊதாக் குடை ஒன்றைக் கடையில் விற்காமல் எடுத்து வைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டுவிடுவது என்று திட்டம். ஆனால் சொட்டுகிற கூரைக்குக் கீழே ஒரு பெண்ணை எப்படி வாழ வா என்று கூப்பிடுவது? முதலில் கூரை, அப்புறம் குடை. அதனால்தான் மாஸ்டர் மேல் கேஸ் போடக் கிளம்பினார்.

கோர்ட் வாசலிலேயே ஒருவன் தோளைத் தொட்டான். "சாட்சி வேணுமா சார்? கண்ணாடி போட்ட ஆளா வாங்கிக்குங்க. ஜட்ஜ் நம்புவாரு."

"எங்க வீடு ஒழுகினதை நேர்ல பார்த்தவங்க வேணும்."

"வீடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. போன வருஷமே வந்து பார்த்திருக்காங்க."

குடைக்காரர் வக்கீலம்மாவின் அறைக்குள் ஓடித்தான் மூச்சு விட்டார்.

"அந்த ஆளுங்க பக்கமே போகாதீங்க," என்றார் வக்கீலம்மா. "என் சாட்சி சுத்தமா இருக்கணும். கையில எதுவும் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு சொல்லித் தரக் கூடாது. நிஜமாப் பார்த்தவங்க யாரு?"

"எதிர் வீட்டு நர்ஸம்மா. சொட்டுக்குக் கீழ வைக்கிற வாளியே அவங்களோடதுதான்."

"உங்களுக்கு உறவா?"

அவர் காது சிவந்தது. "இதுவரைக்கும் இல்லை."

"நல்லது. அப்படியே இருக்கட்டும்."

வக்கீலம்மா சொன்னது ஒரு பிடி, இவர் வாரிக்கொண்டது ஒரு கூடை. கொடுக்கக் கூடாது என்றால் வாங்கவும் கூடாதுதானே? சொல்லித் தரக் கூடாது என்றால் பேசாமல் இருப்பதே பத்திரம்தானே? திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் எதிர் வீட்டிலேயே கேட்டிருப்பாரே.

வக்கீலம்மாவே நர்ஸம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். "கேஸ் வரைக்கும் போகணுமா மேடம்?" என்று நர்ஸம்மா இழுத்தாராம். கடைசியில் பார்த்ததைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மாலை நர்ஸம்மா வழக்கம்போல் கதவைத் திறந்தார். "டீ?"

"வேண்டாங்க."

"ஏன், நேத்து சர்க்கரை கூடிடுச்சா?"

"அதைப் பத்திப் பேசக் கூடாது."

"சர்க்கரையைப் பத்தியா?"

"எதைப் பத்தியும்."

அதிலிருந்து சொட்டுகிற நேரத்தில் அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாட்சியின் பொருள் தன்னிடம் இருக்கலாமா என்று சந்தேகம் வந்தது. வாளியைக் கழுவித் துடைத்து எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். நர்ஸம்மா ஓசியில் ரத்த அழுத்தம் பார்ப்பாரே, அதுவும் சலுகைதானே? நாலு தெரு தள்ளி ஒரு டாக்டரிடம் போனார். அழுத்தம் ஏறியிருக்கிறது, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று டாக்டர் கேட்டார். கூரை என்றார் இவர்.

நர்ஸம்மா விடுகிறவர் இல்லை. கம்பி ஒடிந்த குடையோடு கடைக்கே வந்து நின்றார். நல்ல கம்பியை வேண்டுமென்றே வளைத்து ஒடித்திருந்தது கடைக்காரருக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். "என் மேல என்ன கோபம்னு சொல்லிடுங்களேன்," என்றார் மெல்ல.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் காரணத்தைச் சொன்னால் கேஸைப் பற்றிப் பேசியதாகிவிடும். இனாமாகச் செய்து கொடுத்தால் லஞ்சமாகிவிடும். தலை நிமிராமல் கம்பி மாற்றினார். முழுக் கூலி வாங்கிக்கொண்டு ரசீதும் கிழித்துக் கொடுத்தார்.

நர்ஸம்மா அந்த ரசீதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். அப்புறம் படியில் எதிரே வந்தாலும் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஊதாக் குடையோடு போய் விளக்கிச் சொன்னால் சிரித்துவிடுவார் என்று இவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வழக்கு வந்தது. கூண்டில் நர்ஸம்மா. "தண்ணி ஒழுகினதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஆனா, மாஸ்டர் பிளம்பருக்குச் சொல்லி..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா," என்றார் ஜட்ஜ்.

மாஸ்டரின் வக்கீல் எழுந்தார். "இந்தக் குடைக்கடைக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

நர்ஸம்மா குடைக்காரரைப் பார்த்தார். அவர் நியாயமாக நடக்கிற நினைப்பில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணும் வேணாங்க," என்றார் நர்ஸம்மா. "எதிர் வீடு. அவ்வளவுதான்."

இவ்வளவு சுத்தமான சாட்சியைப் பார்த்ததில்லை என்று ஜட்ஜே சொன்னார். குடைக்காரர் ஜெயித்துவிட்டார். குழாயையும் கூரையையும் மாஸ்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

அன்று மாலையே தலைவாரி, சட்டை மாற்றி, ஊதாக் குடையோடு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். பூட்டியிருந்தது. மேலே மாஸ்டர் வீட்டிலிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது. "மன்னிச்சிடுங்க. நீங்க தோத்தது என்னாலதான்."

பார்த்ததைச் சொன்னவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கட்டடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. ஒரு நாள் மன்னிப்பு, மறுநாள் டீ, அப்புறம் கார் ஓட்டப் பழகுவது என்று அது வளர்ந்தது. படியில் குடையோடு உட்கார்ந்து பழகிப்போனவர் அவர்கள் இறங்கிப் போகும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார். கடைசியில் மாஸ்டரும் நர்ஸம்மாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது, நர்ஸம்மாதான் கார் ஓட்டிக் காட்டுகிறாராம்.

ஊதாக் குடை இன்னும் கடையில்தான் தொங்குகிறது. விலை கேட்டால் விற்கிறதில்லை என்பார்.

தீர்ப்புப்படி மாஸ்டர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்த பிளம்பர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். காலியாய்க் கிடந்த மேல் வீட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொட்ட வைத்தார்; ஏணியில் ஏறி, குழாய் இணைப்பை ஒரு திருகு திருகினார். சொட்டு நின்றது.

"இவ்வளவுதானா வேலை?" என்றார் குடைக்காரர். "இதைத் தொடக்கத்துலயே வந்து செஞ்சிருந்தா கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாமே."

"கூப்பிட்ட அன்னைக்கே வந்தேனே," என்றார் பிளம்பர், கையைத் துடைத்தபடி. "அந்த நர்ஸம்மாதான் படியிலயே நிறுத்தி, 'மெதுவா வாங்கண்ணே, அது ஒழுகினாத்தான் அவர் நம்ம வீட்டுக்கு டீ குடிக்க வர்றாரு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."