தோசைக்கல்லில் வெந்த மின்சாரம்

சித்திரை பிறந்த அன்றே தீர்மானித்துவிட்டேன். இனி என் மனைவி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வெளிச்சமாக மாற வேண்டும்!

இது வீண் பேச்சன்று. எட்டாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். படிப்பு என்னை விடவில்லை. அழுத்தினால் மின்சாரம் சுரக்கும் வில்லைகள் உலகில் உண்டு. வாசல் பஸ்ஸருக்குள் பித்தளைத் தட்டில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதுதான். விழுப்புரத்துக் கடையொன்றிலிருந்து அவற்றை அள்ளி வந்து, ஒரு பலகையின் அடியில் பதித்து, சிறு எல்.இ.டி. விளக்கை இணைத்தேன். மிதித்தேன். விளக்கு கண் சிமிட்டியது. திண்டிவனத்தில் இதைச் சாதித்த முதல் மனிதன் நானே என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் மனைவி கெங்கம்மாளுக்கு இருந்தது. என் ஆய்வுக்கூடமாகிய பின்னறையின் மீது அவளுக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"ஏங்க, ஓமந்தூர் நெலத்து மல்லாட்டை மூட்டை வந்தா எங்க வெக்கிறது? உங்க தலை மேலயா?"

"அது ஆராய்ச்சி நடக்கிற எடம்!"

"மிதிச்சா மின்மினிப் பூச்சி கணக்கா மின்னிட்டுப் போவுது. அதுக்கு ஒரு ரூமா?"

முடிவில் ஒப்பந்தம் உருவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு இருதயராஜ் மிதிக்கும்போது விளக்கு எரிந்தால் அறை எனக்கு; எரியாவிட்டால் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு.

உடனே ஆராய்ச்சியில் மூழ்கினேன். வெப்பத்துக்கும் இவ்வில்லைக்கும் உள்ள உறவை விளக்கும் வீடியோ ஒன்று செல்போனில் கிடைத்தது. ஓரளவு சூடேறினால் வில்லை கூடுதலாகச் சுரக்கும் என்றார் பேராசிரியர். எனக்குத் தெளிவு பிறந்தது; கூடவே மதிய உறக்கமும் வந்தது. அருகில் கெங்கம்மாள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் பலகையை மொட்டை மாடியில் காயவைத்து மிதித்தேன். ஆகா! விளக்கு சற்றுத் தூக்கலாகவே எரிந்தது. என் உள்ளங்காலும் எரிந்தது.

ஞாயிறு விடிந்தது. கூடவே கோடை மழை! பலகை குளிர்ந்து கிடந்தது. விளக்கும் மங்கிவிட்டது.

"என்னாங்க, மொகம் வாடிக் கெடக்குது?"

"வெயிலு இல்லியே."

"வெயிலு இல்லன்னா என்னா? தோசைக்கல்லு அடுப்பு மேலதான் இருக்குது. போட்டுப் பாருங்க."

எங்கள் இல்லற வாழ்வில் முதன்முறையாக அவள் அறிவியலின் பக்கம் வந்து நின்றாள். நெகிழ்ந்துபோனேன். வில்லைகளைப் பெயர்த்துக் கல்லில் பரப்பினேன்.

"இன்னும் கொஞ்சம் வேவட்டுங்க. எறக்க இன்னா அவசரம்?" என்று அடுப்பையும் அவளே கூட்டிவைத்தாள்.

கல் புகைந்தது. வில்லையில் பற்றவைத்திருந்த ஈயம் உருகி ஓடிற்று. அதையும் வெற்றியின் அறிகுறியாகவே கொண்டேன். மீண்டும் ஈயம் வைத்து, கம்பி இணைத்து, பலகையில் பதித்து முடித்தபோது, சர்ச் முடிந்து இருதயராஜ் வந்து சேர்ந்தார்.

"நடராசண்ணே, எங்க மிதிக்கணும்?"

"நட்ட நடுவுல. தைரியமா மிதிப்பா!"

மிதித்தார். வெளிச்சமில்லை. குதித்தார். அப்போதும் இல்லை.

"அண்ணே, முட்டிதான் வலிக்குது. கரண்டு வர்ல."

"வெயிட்டு பத்தலப்பா."

கெங்கம்மாள் ஏறி நின்றாள். அதற்கும் எரியவில்லையென்றால் குற்றம் எடையில் இல்லை. இதை நான் வெளியே சொல்லவில்லை.

"சூடு ஆறட்டும். ஆறினா சரியாயிடும்," என்றேன்.

"ஆவாதுங்க," என்றாள் அவள் நிதானமாக. "அளவுக்கு மீறி சூடு ஏறிட்டா அதோட கொணமே பூடுமாம். ஆறினாலும் திரும்பி வராதாம்."

"உனக்கு யாரு சொன்னது?"

"உங்க புரொபசருதான். நீங்க பாதியிலயே கொறட்டை உட்டுக்கினு கெடந்தீங்க. நான் மல்லாட்டை உரிச்சிக்கினே கடைசி வரைக்கும் கேட்டேன்."

தீர்ப்புச் சொல்ல இருதயராஜ் வாயெடுப்பதற்குள் வாசலில் ஹாரன் ஒலித்தது. மூட்டைகளோடு ஒரு குட்டியானை வண்டி!

"இது எப்ப சொன்ன வண்டி?"

"நேத்தே சொல்லிட்டேங்க. ஜல்தி வாங்க, மறுபடி மழை புடிக்கிறதுக்குள்ள எறக்கணும். தரையில ஈரம் ஏறும். அந்தப் பலகையை அடியில போடுங்க."

போட்டேன். அத்தனை மூட்டையும் ஏறி அழுத்தியும் பலகையில் வெளிச்சம் வரவில்லை, சுமந்தவனுக்குத்தான் வந்தது.